உள்ளான் பார்க்கப் போகும் டெய்லர்

"அசையாம நில்லுங்க மாஸ்டர்." கடையில் அளவெடுக்கும்போது சொல்கிற அதே குரலில், தெமோதரைக்குக் கீழேயுள்ள சதுப்பில் நின்றுகொண்டு, பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் சொல்கிறார் அஸீஸ். என் கணுக்காலில் அட்டை ஏறுகிறது. சொன்னாலும் கேட்க மாட்டார். புல்லுக்குள் எங்கோ ஓர் உள்ளான் குருவி பதுங்கியிருக்கிறதாம். அது எழும்பும்வரை என் இரத்தத்துக்கு அவரிடம் மதிப்பில்லை.

பதுளைக் கடைவீதியில் அவர் கை படாத காற்சட்டைகள் குறைவு. ஆனால் மார்கழி பிறந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுக் காலை ரயிலில் ஏறிவிடுவார். குளிருக்குப் பயந்து வடக்கேயிருந்து வரும் பறவைகள் பங்குனிவரை இந்தச் சதுப்பில் தங்கும். அவர் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கும். வெள்ளைக்காரத் துரை ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது, கோட்டுத் தைத்ததற்காகக் கொடுத்தது. அதன் இடது பக்கம் பூஞ்சணம் பிடித்துவிட்டதால், ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அதே கழுத்தில் அளவு நாடாவும் கிடக்கும். அது இல்லாவிட்டால் சட்டை போடாமல் வெளியே வந்தது போலிருக்கிறதாம்.

பறவைகளின் பெயர் பாதி அவருக்குத் தெரியாது. துணிதான் தெரியும். ஓடைக்கல்லில் வாலாட்டிக் குருவி வந்து நின்றால், "மேல சாம்பல் கோட்டு, உள்ளுக்கு மஞ்ச லைனிங். தையல் எங்கயாச்சும் தெரியுதா பாருங்க" என்பார். உள்ளான் அவருக்குக் கோடு போட்ட சாரன். ஒருமுறை உள்ளான் என்று வெகு நேரம் மெய்மறந்து பார்த்தது வெறும் மண்ணாங்கட்டி. அதை நான் கடைவீதி முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "கட்டிங் நல்லா ஈந்திச்சே" என்றார்.

இந்தத் தை மாதத்தில் ஒரு நாள் போனபோது, சதுப்போரத்து மரக்கறிப் பாத்திகள் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தன. மேட்டிலுள்ள தோட்டத் தொழிலாளர் லயத்துத் தனலெட்சுமி, எலுமிச்சங்காய் அளவுகூட இல்லாத பீட்ரூட்டைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். அரிசி கிடைக்காத நாட்களில் அவள் வீட்டு அடுப்பு அந்தப் பாத்தியை நம்பித்தான் எரிகிறது.

"ஏன் தங்கச்சி, பிஞ்சிலயே புடுங்கிறீங்க?" என்று பாத்தியோரக் கல்லில் உட்கார்ந்தபடி கேட்டார் அஸீஸ்.

அவள் எழுந்து நின்றாள். "நீங்கதானேங்க ஐயா வாரா வாரம் வந்து கண்ணாடி வச்சுப் பாத்து அளக்கிறீங்க. நெலத்த எடுத்துக்கிறதுக்கு முன்னாடி புள்ளைகளுக்காவது ஆகட்டும்னுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அஸீஸ் குனிந்து தம் கழுத்து நாடாவைப் பார்த்தார். 

நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "நான் டவுன்ல சட்ட தைக்கிறவன், தங்கச்சி. குருவி பாக்கத்தான் வாறன். மிச்சத்தப் புடுங்க வேணாம்."

அவள் அவரையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். குருவி பார்க்க ரயிலேறி வருகிற மனிதனை அவள் நம்பச் சற்று நேரம் பிடித்தது. பிறகு பேச்சில் 'ஐயா' போய், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் 'நானா' வந்தது.

"நீங்க இல்லாட்டி இன்னொருத்தன் வருவான், நானா. பக்கத்துத் தோட்டத்துல நாடா புடிச்சு அளந்தாங்க. அடுத்த மாசமே லயத்து ஆளுகள லொறியில ஏத்திட்டாங்க. திடீர்னு ஜீப்பு வந்து நின்னா நான் எதைப் புடுங்க, எதைத் தூக்க?"

தேயிலைத் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறிய நாளிலிருந்து ஊவா மாகாணம் முழுவதும் இதே கேள்விதான். அவள் பாத்தியில் ஒரே ஒரு வரிசை மிச்சமிருந்தது.

அவர் பைனாகுலரைக் கழற்றி நீட்டினார். "வலது கண்ணால பாருங்க. உள்ளான் அந்தா, கோரைக்குப் பக்கத்தில."

அவள் அதைக் கண்ணில் வைத்தாள். சதுப்புப் பக்கம் திரும்பவில்லை. ஜீப் வரும் மேட்டுப் பாதையின் வளைவைத் தேடினாள். இடையில் ஒரு சவுக்கு மரம் மறைத்தது. அஸீஸ் தாம் உட்கார்ந்திருந்த கல்லைவிட்டு எழுந்தார்.

"இங்கன இருந்து பாருங்க, தங்கச்சி. வளைவு முழுக்கத் தெரியும்."