நடுவில் வெள்ளை இல்லாத ஐஸ்

அப்பா பெயர் வெயிலுமுத்து. வேலை, கோவில்பட்டியில் முப்பத்தெட்டு வருடமாக ஐஸ் பேக்டரி ஆபரேட்டர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை பகல் இரண்டரை மணிக்கு விளாத்திகுளம் பேருந்து நிலையத்தில் விழுந்தார். அன்று 41 டிகிரி. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததற்கான பள்ளிப் பதிவுத் தாளின் நகல். அந்தத் தாள் வேண்டும் என்று சொன்னது நான்.

பேக்டரியில் பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. எப்போதும் மைனஸ் பத்தில் இருக்கும். தண்ணீர் நிரப்பிய தகர டின்களை அதில் இறக்கிவைத்தால் மறுநாள் கட்டியாகிவிடும். வேம்பார் மீனுக்கும், விளாத்திகுளம், கயத்தாறு ஜூஸ் கடைகளுக்கும், துக்க வீடுகளுக்கும் போகும். ஒவ்வொரு கட்டியின் நடுவிலும் வெள்ளையாக ஒரு தண்டு ஓடும். வெளியேற வழியில்லாமல் சிக்கிய காற்று அது. உறையும்போது தண்ணீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் கட்டி தெளிவாக வரும். அதற்கு ஒரு மோட்டார் வேண்டும். முதலாளி ஆறுமுகசாமி வாங்கித் தரவில்லை. "கரையப்போற சாமானுக்கு அழகு என்னத்துக்குடே?" என்பார். அப்பாவுக்கு அது கடைசிவரை உறுத்தல்.

நான் படித்தது மெக்கானிக்கல். சென்னையில் கம்ப்யூட்டர் சர்வர்கள் இருக்கும் கட்டடங்களுக்குக் குளிரூட்டும் அமைப்பு வடிவமைக்கிறேன். "கம்ப்யூட்டருக்கு ஐஸ் பேக்டரி நடத்துதா என் மக" என்று டீக்கடையில் சொல்லுவாராம்.

இந்த ஜனவரியில் ஒரு வீடியோ அனுப்பினேன். வடக்குச் சீனாவில் ஹார்பின் என்ற ஊர். உறைந்த ஆற்றை அறுத்து, கட்டிகளை அடுக்கி, கோபுரமும் கோட்டையும் கட்டுகிறார்கள். குளிர்காலம் முழுக்கத் திருவிழா. மறுநாள் அப்பா போன் செய்தார்.

"ஏட்டி உமா, இதை எத்தனை தடவை பாத்தேன்னு கேளு."

"எத்தனை தடவைப்பா?"

"சார்ஜ் தீருத வரைக்கும். கட்டி நடுவுல வெள்ளையே இல்ல, பாத்தியா? அந்தப் பக்கம் நிக்கவன் மூஞ்சி தெரியுது."

"ஆத்து ஐஸ் அப்படித்தாம்ப்பா. மேலேருந்து மெதுவா உறையும். காத்து கீழ போயிரும்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? தெரியுதது வேற. ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

"போவோம்ப்பா. அடுத்த ஜனவரி."

யோசிக்காமல் சொன்னேன். அவர் யோசிக்க ஆரம்பித்தார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் முழுக்க இதுதான். தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும், நல்லெண்ணெய்தான் எடுத்துப் போகணும் என்று தொட்டியோரம் வைத்துப் பார்த்துச் சொன்னார். அங்கே மைனஸ் இருபத்தைந்து என்றதும், "நம்ம தொட்டியவிடப் பதினஞ்சு கீழ. தொட்டிக்குள்ளயே குடியிருக்கானுவளா, பாவிப்பயலுவ!" என்று சிரித்தார். யாரோ கொடைக்கானலில் வாங்கிய மங்கி குல்லாவை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தார். அம்மா போனைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, உங்க அப்பா இந்த வெயில்ல குல்லா போட்டுட்டு வாசல்ல நிக்காவ. தெருப் பிள்ளையெல்லாம் கல்லெறியப் போவுது. நீயாவது சொல்லு."

"நீயும் வாரியாம்மா?"

"எனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? பேக்டரிலேர்ந்து வந்ததும் அவிய கையைத் தொட்டா போதும், எனக்கு அதே சீனாதான்."

மார்ச்சில் அவரைத் திருநெல்வேலியில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் காட்டினேன். ஏழு வருடம் முன்பு பேக்டரியில் குளிரூட்டும் அம்மோனியா வாயு கசிந்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். அப்பா ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினார். முதலாளி புதுச் சட்டை, வேட்டி எடுத்துக்கொடுத்தார். முகமூடி அதற்குப் பிறகும் வாங்கவில்லை.

குழாயில் ஊதச் சொன்னார்கள். நுரையீரல் வேலை செய்வது 44 சதவீதம்தான். மருத்துவர் என்னைத் தனியாக அழைத்தார். அந்தக் குளிர்க்காற்று பட்டால் மூச்சுக்குழாய் இறுகிவிடும், கூட்டிப்போகவே கூடாது என்றார். சீட்டில் இரண்டு வரி எழுதினார். கடுங்குளிர் ஆகாது. கடும் வெயிலில் அலையக் கூடாது. நான் முதல் வரியை மட்டும்தான் படித்தேன் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. கோவில்பட்டியில் வெயிலை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு எண்கள் புரியும். நாற்பத்து நாலு என்றால் மீதி ஐம்பத்தாறு எங்கே போனது என்று கேட்பார். ஆறுமுகசாமியின் வால்வில் போனது என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ஓர் இயந்திரத்தை நிறுத்த அதை உடைக்க வேண்டியதில்லை. சரியான இடத்தில் ஒரு இணைப்பைப் பிரித்துவிட்டால் போதும். கம்ப்ரசர் ஓடாது, யாருக்கும் காயமில்லை. அப்படி ஓர் இடத்தை அப்பாவே எனக்குக் காட்டியிருந்தார். புதூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் அவரைச் சேர்த்தபோது, தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுகாதைத் தொடச் சொன்னாராம் வாத்தியார். எட்டவில்லை. அழுதிருக்கிறார். வாத்தியார் இரக்கப்பட்டு ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டார். ஆதாரில் இருப்பது வேறு தேதி, ஜனவரி ஒன்று. இதை அவர் வேடிக்கையாகச் சொல்லி நாங்கள் எத்தனையோ முறை சிரித்திருக்கிறோம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு சொன்னேன். "எப்பா, பாஸ்போர்ட் கிடைக்காது. பள்ளிக்கூடத்துல ஒரு தேதி, ஆதார்ல ஒரு தேதி. பள்ளித் தாள் இல்லாம ஒண்ணும் நடக்காது. அந்தப் பள்ளிக்கூடத்தையே மூடியாச்சு. விட்டுருவோம்."



"என் தப்புதானட்டி" என்றார். "கை எட்டல."

ஓடாத கம்ப்ரசரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை அப்பா. அதை எப்படி மறந்தேன்?

மூடிய பள்ளியின் பதிவேடுகள் விளாத்திகுளத்தில் ஓர் அலுவலகத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்தார். எட்டயபுரம் வழி பஸ். வீட்டில் பேக்டரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஐந்து முறை போயிருக்கிறார். முதல் முறை பதிவேடு இருக்கும் அறைக்குச் சாவியில்லை. பிறகு கிளார்க் விடுப்பு. பிறகு கையெழுத்துப் போட அதிகாரி இல்லை. நடுவில் எனக்கு இரண்டு முறை போன் வந்தது.

"ஏட்டி, ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும். சொல்லு."

அவர் ஆதாரில் என் கைபேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். இரண்டு முறையும் மீட்டிங்கில் இருந்தேன். படித்துச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை.

மூன்றாவதாக வந்த போன் விளாத்திகுளம் ஜூஸ் கடைக்காரர் சோலைச்சாமியுடையது.

"கடை நிழலுக்கு வந்தாவ தாயி, அதுக்குள்ள சாஞ்சுட்டாவ. பெரிய கட்டியா உடைச்சு நெஞ்சுல வச்சோம். கண்ணைத் தொறந்து அந்த ஐஸைப் பாத்தாவ. ஆம்புலன்ஸ் வருததுக்குள்ள முடிஞ்சிட்டு."

விளாத்திகுளத்துக்கு ஐஸ் வருவது கோவில்பட்டியிலிருந்து.

ஆறுமுகசாமி மாலையோடு வந்தார். "எங்க வீட்டு ஆளு ஒருத்தர் போன மாதிரி இருக்கு" என்றார். அந்த வீட்டு ஆள் யாரும் தொட்டி அறைக்குள் போனதாக எனக்கு நினைவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு பெண் வந்தாள். மெயின் ரோட்டில் இ-சேவை மையம் வைத்திருப்பவள், பெயர் முத்துச்செல்வி. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சிகிட்ட முதல் நாளே சொன்னேன்க்கா. பான் கார்டு, ஆதார் ரெண்டுலயும் ஒரே தேதிதான் இருக்கு, அதை வச்சே பாஸ்போர்ட்டுக்குப் போட்டுரலாம், பள்ளித் தாளை யாரும் கேக்க மாட்டாவன்னு. கேக்கல. 'என் மக இஞ்சினியரு, அவ தாளு வேணும்னு சொல்லியிருக்கா. உனக்கு என்ன தெரியும்'னுட்டாவ."

அம்மா குறுக்கே சொன்னாள். "இவளும் கூட்டிட்டுப் போறதுக்கு எவ்வளவோ பாத்தா. அந்தப் பாழாப்போன தாளுதான்…"

வந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை இப்படி நினைக்கும் என்றாள் ஒருத்தி. மருத்துவர் சொன்னதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் முத்துச்செல்வி கடையிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, அண்ணாச்சி பேர்ல திறந்த பாஸ்போர்ட் விண்ணப்பம் பாதியில நிக்குது. அழிச்சுரவா?"

"அழிச்சுரு."

"உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். சொல்லுங்க."

வந்தது. ஆறு எண்கள். எதற்கு என்று இந்த முறை தெரியும். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன்.