பல்கலைக்கழகக் கடிதத்தை மறந்துபோன செவ்வாய்க்கிழமை

சகோதர சகோதரிகளே, இதை எழுதும் நான் பொறுமைசாலி இல்லை. என் கணவர் அல்பேட்டைக் கேட்டால் அவரே சொல்லுவார். ஆகவே பக்தியாகத் தொடங்காமல், நடந்தபடியே தொடங்குகிறேன்.

1996ஆம் ஆண்டு. ரொறொன்ரோவில் ஒரு கல்லூரியில் இரண்டு வருடக் கொம்பியூட்டர் டிப்ளோமாவை முடித்திருந்தேன். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறி, கணினி விஞ்ஞானத்தில் பட்டம் எடுப்பது என் திட்டம். எந்தப் பாடத்தை அங்கே ஏற்றுக்கொள்வார்கள் என்று இரண்டு இடத்துப் பாடவிபரப் புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். கோயிலில் அறிவுரைக்குக் குறைவில்லை. ஒரு அங்கிள் ஞாயிறு பூசை முடிந்ததும் பிடித்துவிடுவார். “பிள்ளை, உந்தக் கொம்பியூட்டர் எல்லாம் ரெண்டு வருசத்திலை அடங்கிப் போடும். நேர்சிங் செய்யும்.” ஓம் ஓம் என்று தலையாட்டியே கழுத்து நொந்தது.

விண்ணப்பித்தேன். பதில் வந்தது. கல்லூரியில் படித்த கணிதம் போதாதாம். ஊரில் எடுத்த உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ் யூலை முப்பதுக்குள் வந்தால் மூன்றாம் வருடத்தில் சேரலாம், வராவிட்டால் முதலாம் வருடம். அதாவது இரண்டு வருடம் நாலு வருடமாகும். எனக்கு அப்போதே முப்பத்திரண்டு வயது. அல்பேட் விடிய ஒரு வேலை, பின்னேரம் இன்னொரு வேலை.

“ரெண்டு வருசம் எண்டால் இழுப்பன். நாலு எண்டால் என்னாலை ஏலாது, ரெஜினா” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னார்.

சான்றிதழ் என் கையில்தான் இருந்தது. போட்டோக்கொப்பி எடுத்து அனுப்பினேன். கிடைக்கவில்லை என்று கடிதம் வந்தது. மறுபடி அனுப்பினேன். கிடைக்கவில்லை. மூன்றாம் முறை பதிவுத் தபாலில் அனுப்பினேன். யாரோ கையெழுத்து வைத்து வாங்கியிருக்கிறார்கள், ஆனால் கிடைக்கவில்லையாம். நேரே பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். யன்னலில் இருந்த பெண் பல்கலைக்கழகக் கடிதத்திலிருந்த என் விண்ணப்ப இலக்கத்தைக் கொம்பியூட்டரில் தட்டிப் பார்த்தாள். உன் கோப்பில் சான்றிதழ் இல்லை, இங்கே கையில் வாங்குவதில்லை, தபாலில் அனுப்பு என்றாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிறவர் என்று சின்ன வயதிலிருந்தே அந்தோனியாரிடம் போகிறவர்கள் நாங்கள். யூன் தொடக்கத்தில் ஒன்பது செவ்வாய் நவநாள் ஆரம்பித்தேன். அதைச் செபம் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. முழுக்க முறைப்பாடு. “ஊரிலை தொலைஞ்ச ஆட்டுக்குட்டியை எல்லாம் பிடிச்சுக் குடுத்தனீர். இந்த ஒரு கடுதாசியைத் தேட உமக்கு நேரமில்லையோ?” என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

ஒன்பதாம் செவ்வாய்தான் யூலை முப்பது. கெஞ்சியாவது பார்ப்போம் என்று வெளிக்கிட்டேன். பஸ்சில் பையைத் திறந்தால் பல்கலைக்கழகக் கடிதத்தைக் காணவில்லை. மேசையிலேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போனால் அலுவலகம் பூட்டிவிடும். கையில் இருந்தது பழைய சான்றிதழ் மட்டும். அழுகை வந்தது. “தேடித் தரச் சொன்னால் இருந்ததையும் துலைச்சுப்போட்டீர்” என்று பஸ்சிலேயே அவரை ஏசினேன்.

யன்னலில் அன்றைக்கு வேறொருவர், வயதான மனிதர். இலக்கம் கேட்டார். இல்லை என்றேன். பெயருள்ள ஏதாவது கடதாசி இருக்கிறதா என்று கேட்டார். சான்றிதழைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கன நேரம் கழித்து வந்து, மண்டபத்தைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். ஒருவரும் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தரம்தான் எனக்கு விளங்கியது. சூசைப்பிள்ளை. என் அப்பா.

அப்பா இறந்து இரண்டு வருடம். என்னால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. நான் எழும்பி நின்று, “ஓம்” என்று தமிழிலேயே சொன்னேன்.

எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லையே. ஊரில் நான் சூசைப்பிள்ளை ரெஜினா, சான்றிதழில் இருப்பதும் அதுதான். கலியாணம் கட்டியபின் ரெஜினா அல்பேட், விண்ணப்பம் போட்டது அந்தப் பெயரில். எங்களுக்கு அது விளக்கம் தேவையில்லாத விஷயம். ஆகவே மூன்று முறையும் கொப்பியை மட்டும் மடித்து உறையில் போட்டேன், ஒரு வரி எழுதவில்லை. அவர்களும் சூசைப்பிள்ளை என்று தனிக் கோப்புத் திறந்து மூன்று கொப்பிகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். விண்ணப்பமே போடாத மனிதர் என்று அது மூலையில் கிடந்திருக்கிறது. நான் இலக்கத்தைக் கொண்டுபோன அன்றைக்கு அந்தப் பெண் ரெஜினா அல்பேட் என்ற கோப்பைத்தான் பார்த்தாள். இலக்கம் இல்லாமல் போனதால்தான் அந்த மனிதர் பெயரைத் தேடினார்.

கலியாணப் பதிவைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி ஒரு நாள் தவணை தந்தார். இரண்டு கோப்பும் ஒன்றாயின. அல்பேட்டிடம் சொன்னபோது அவர் கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் வருடத்தில் சேர்ந்தேன். 1998இல் பட்டம் எடுத்தேன். இப்போது புரோகிராமராக வேலை செய்கிறேன். அல்பேட் பின்னேர வேலையை விட்டுவிட்டார். இரவுச் சாப்பாட்டை ஒன்றாக இருந்து சாப்பிடுகிறோம். ஆண்டவருக்கும், எனக்காகப் பரிந்து பேசிய அந்தோனியாருக்கும் கோடி நன்றி.

உங்களில் யாராவது ஆண்டவரோடு கோபமாக இருந்தால், கோபம் தணியட்டும், பிறகு செபிக்கலாம் என்று வீட்டில் இருக்காதீர்கள். கோபத்தோடேயே போங்கள். ஒன்பது வாரமும் நான் அந்தோனியாருக்கு நல்ல வார்த்தை ஒன்று சொல்லவில்லை. அவர் கேட்டார்.