வளைவில் ஒரு ஹாரன்

கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் மாலைப் பேருந்தின் ஓட்டுநர் அவர். நரைத்த மீசை, காதோரம் ஒரு சாமந்திப்பூ. பனிமூட்டத்தில் பேருந்து மிதப்பதுபோல் போகும். ஆளே இல்லாத ஒரு வளைவுக்கு முன்னால் மட்டும் நீளமாக ஹாரன் அடிப்பார்.

"யாருக்குங்க?" என்றேன்.

"பின்னாடி குடிச்சிட்டுச் சாய்ஞ்சிக்கினு வர்றான் பாருங்க, அவன் பொண்ணுங்களுக்கு. சத்தம் கேட்டா அதுங்க பக்கத்து வூட்டுக்கு ஓடிப்பூடும். இல்லன்னா அடிதான்."

அடுத்த வாரம் அதே வளைவில் ஒரு மாடு படுத்திருந்தது. "ஹாரன் அடிங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவர் அடிக்கவில்லை. இறங்கிப் போய், முதுகைத் தட்டி மாட்டை எழுப்பினார்.

திரும்பிப் பார்த்தேன். அந்த அப்பன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், மடியில் பன் பொட்டலம்.

வளைவைத் தாண்டினோம். நிறுத்தத்தில், பனிக்குள், இரண்டு சிறுமிகள் அவனுக்காகக் காத்து நின்றார்கள்.