பேட்ச் அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

ரூட்டர் மாதிரி நினைவகம் குறைந்த குட்டிப் பெட்டிகளில் ஓடும் யூனிக்ஸ் கருவித்தொகுப்பு ஒன்றை நான் பராமரிப்பது உங்களுக்குத் தெரியும். இன்று காலைதான், புது வசதி ஒன்றைச் சேர்க்கச் சொல்லி செல்வம் அனுப்பிய இரண்டு கேபி பேட்சை, "இடமில்லை" என்று திருப்பி அனுப்பினேன்.

சாயங்காலம் அதே செல்வம் டெல்லி பஸ்ஸில் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான்.

கண்டக்டர் இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டே இருந்தார். "ஆகே சலோ பையா, அந்தர் பஹுத் ஜகா ஹை!" முன்னால் போகணுமாம், உள்ளே நிறைய இடம் இருக்காம்.

செல்வம் விடுவானா? "கேட்டீங்களாண்ணே? இவருதான் மெயின்டெய்னர்! நீங்க ரெண்டு கேபிக்கு அழறீங்க."

பதில் சொல்வதற்குள் முனிர்கா வந்தது. எங்கள் இருவரின் அறையும் அங்கேதான். கதவு கண்ணுக்குத் தெரிந்தது, கால்தான் நகரவில்லை. வசந்த் விஹாரில் பாதி பஸ் காலியான பிறகுதான் இறங்க முடிந்தது. அங்கிருந்து இருவரும் முனிர்காவுக்குத் திரும்பி நடந்தோம்.

இனி பேட்ச் அனுப்புகிறவர்கள் சாயங்காலம் இந்த பஸ்ஸில் ஏறி, முனிர்காவில் இறங்கிக் காட்டவும். உடனே சேர்த்துக்கொள்கிறேன்.