இறப்புக்குக் காரணம் என்ற கட்டம்

என் மனைவி கோமதி ஒரு பிடி சோற்றுக்கு நான்கு மிடறு தண்ணீர் குடிக்கிறாள் என்பதை ஓர் ஆடி வெள்ளியன்று கவனித்தேன். முந்தைய வாரம் மூன்று. அதற்கு முன் எத்தனை என்று தெரியாது. அப்போது நான் எண்ணவில்லை. எண்ணாமல் விட்ட அந்த வாரங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

“ஏங்க, வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா சோறு எப்படி எறங்கும்?” என்றாள்.

“நாலு தடவை குடிச்சே கோமு.”

“எண்ணுங்க. இத்தனை வருஷமா செத்தவங்களை எண்ணுனீங்க, இப்ப என் மிடறு.”

அவள் சொன்னதில் தவறில்லை. நான் ஒரு கொம்யூன் (பஞ்சாயத்து) அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு எழுத்தராக இருபத்தொன்பது வருஷம் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணும் பழக்கம் போகவில்லை. இப்போது வயது எழுபத்தொன்று. இதே நோயோடு வீட்டில் ஒருவரை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் தோசை நின்றது. பிறகு இட்லி. நெஞ்சுக்குழிக்கு நாலு விரல் மேலே கையை வைத்து, “இங்க வந்து நிக்குதுங்க” என்பாள். வாயு என்று நினைத்துப் பத்தொன்பது நாள் ஓமத் தண்ணீர் கொடுத்தேன். யாருக்காவது இப்படி நின்றால் பத்தொன்பது நாள் காத்திருக்காதீர்கள்.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேரியம் படம் (சுண்ணாம்புக் கரைசல்போல் ஒன்றைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். எண்டோஸ்கோப்பி (வாய் வழியே குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) செய்தார்கள். பயாப்ஸி (சதைத்துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வர எட்டு நாள் ஆனது. உணவுக்குழாயில் புற்றுநோய். டாக்டரம்மா அதை என்னிடம் மட்டும் சொன்னார். கோமதி நடைவழியில் பெஞ்சில் இருந்தாள்.

“எந்த ஊரு உங்களுக்கு?”

“காரைக்கால். போலகம் பக்கம், வாய்க்கா ஓரம்.”

அவர் பேனாவை நிறுத்தினார். “வெளியில பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவரும் அந்த வாய்க்கா ஓரம்தான். அவருக்கும் இதேதான்.”

“அப்ப தண்ணியாலயா டாக்டர்?”

“ரெண்டு பேரை வச்சு நான் எதுவும் சொல்ல முடியாதுங்க. ஒரு ஊர்ல வழக்கத்தைவிட அதிகமா வருதான்னு தெரியணும்னா யாராவது கணக்கு எடுக்கணும். எடுத்தவங்க யாரும் இருக்குற மாதிரி தெரியலை.”

கணக்கு எடுக்கவில்லை என்ற சொல் என்னோடு வெளியே வந்தது. கோமதி நிமிர்ந்து பார்த்தாள். “புண்ணாம். கரண்ட் வச்சா ஆறிடுமாம்” என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி” என்றாள்.

கோபால்ட் சிகிச்சை (கதிரைப் பாய்ச்சிக் கட்டியைச் சுருக்குவது) இருபத்தைந்து முறை. புதுச்சேரியில் என் சித்தப்பா மகன் வீட்டில் ஐந்து வாரம் தங்கினோம். கதிர் எங்கே விழவேண்டும் என்று அவள் மார்பில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். கோடு அழியாமல் குளிக்கவேண்டும். நான் ஈரத்துணியால் அவள் முதுகைத் துடைத்துவிடுவேன். முன்பக்கம் கோட்டைச் சுற்றி அவளே துடைத்துக்கொள்வாள். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் முதுகில் ஒரு மச்சம் இருப்பதை நான் அறிந்ததில்லை.

“என்ன, அங்கயும் எண்ணுறீங்களா?”

“ஒண்ணுதான் இருக்கு.”

“நல்லாப் பாருங்க, மை ஒட்டியிருக்கும்” என்றாள். அன்று அவளுக்குப் பதினாறாவது முறை முடிந்திருந்தது. எச்சில் விழுங்கினாலே எரியும் நேரம் அது. அப்படி இருந்தும் சிரித்தாள்.

ஊருக்குத் திரும்பி இரண்டு மாதத்தில் கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு வந்தாள். ஒரு பிடிக்கு இரண்டு மிடறு. அந்தக் காலத்தில்தான் சட்ட உதவியைத் தேடிப் போனேன்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் வாய்க்காலுக்கு மேற்கே ஒரு ரசாயனக் கம்பெனி வந்தது. அதன் பிறகு கிணற்றுத் தண்ணீரை இறைத்துவைத்தால் மறுநாள் குடத்தின் கழுத்தில் மஞ்சளாக ஒரு வளையம் படியும். புளி போட்டுத் தேய்த்தாலும் முழுக்கப் போகாது. நாங்கள் அதைத்தான் குடித்தோம். ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்த ஏற்பாடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதில் இருந்த வக்கீல் அந்துவானைப் பார்த்தேன். ஐம்பது வயதுக்காரர், பொறுமைசாலி. அவர் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார். இந்தப் பகுதியில் பலர் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள், தண்ணீரைச் சோதிக்கவேண்டும் என்று அதில் எழுதினார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. அந்துவான் அதை என் முன் வைத்தார். கம்பெனி எழுதியிருந்தது இவ்வளவுதான்: இந்தப் பகுதியின் இறப்புப் பதிவேட்டில் புற்றுநோய் என்று ஒரு மரணம்கூட இல்லை. கீழே சாட்சியாகப் பதிவேட்டின் போட்டோஸ்டாட் பக்கங்கள்.

வயோதிகம். காய்ச்சல். வயிற்றுவலி. வயோதிகம். வயோதிகம்.

எல்லாம் என் கையெழுத்து.

இதை விளக்கியாகவேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேட்டில் இறப்புக்குக் காரணம் எழுதும் கட்டமே இருந்ததில்லை. பிற்பாடு வந்த புதுப் படிவத்தில் அது இருந்தது. வீட்டில் இறந்தவர்களுக்கு டாக்டர் சீட்டு பெரும்பாலும் இருக்காது. சொந்தக்காரர் சொல்வதை எழுதுவேன். மகனோ தம்பியோ ஜன்னலில் குனிந்து, “சார், வயசாயிடுச்சுன்னு போட்டுடுங்க. வீட்ல பொண்ணு நிக்குது” என்பார்கள். அந்த வியாதி இருந்த வீடு என்று தெரிந்தால் வரன் வராது. நான் மறுபேச்சுப் பேசாமல் எழுதினேன். சிலர் கேட்பதற்குமுன்பே எழுதினேன். செத்தவருக்கு இனி என்ன, இருப்பவர்களுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பின் வந்த எழுத்தருக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

டாக்டரம்மா யாரும் கணக்கு எடுக்கவில்லை என்றார். கணக்கு என் கையில்தான் இருந்திருக்கிறது. நான் அதை அழித்து அழித்து எழுதியிருக்கிறேன்.

அந்துவானிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“எத்தனை பேரு சார்?”

“ஞாபகத்துல நிச்சயமா இருக்குறது பதினொண்ணு.”

“உங்க ஞாபகத்தைக் கோர்ட்டுல காட்ட முடியாது. அந்த வீடுங்கள்ல பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தா வாங்கிட்டு வாங்க. உயிரோட இருக்கவங்க நோயைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டா இன்னும் பலம். உங்க வீட்ல போடுவாங்களா?”

அன்று மாலை கோமதியிடம், நோயின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, பதிவேட்டைப் பற்றியும் கையெழுத்தைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, “எதிர்வீட்டு அண்ணிக்கு அப்படி எழுதச் சொன்னது நாந்தானே” என்றாள். பிறகு, “என் பேரு மட்டும் வேண்டாம். வசந்தி ஜாதகம் கும்பகோணத்துக்குப் போயிருக்கு” என்றாள்.

வசந்தி எங்கள் ஒரே மகள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. இருபத்தொன்பது வருஷம் ஜன்னலுக்கு வெளியே கேட்ட பேச்சு. அன்று என் வீட்டு முற்றத்தில் கேட்டது.

மற்ற வீடுகளுக்குப் போனேன். ஆறு வீட்டில் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வீட்டில், “நீங்கதானே சார் வயோதிகம்னு எழுதுனீங்க, இப்ப நீங்களே மாத்துறீங்க?” என்று கேட்டார்கள். எட்டாவதாக ஹாஜா மரைக்காயர் வீடு. சிங்கப்பூரில் வியாபாரம் செய்து திரும்பியவர். நான் பிரெஞ்சு படித்தவன் என்பதால் என்னை முசியே (ஐயா) என்பார்.

“வாங்க முசியே, உக்காருங்க. ஏன் மொகம் செத்துப்போச்சு? நம்ம மரியம் பீவி மவுத்துக்கு என்னா எழுதுனீங்க, ஞாபகம் இருக்கா?”

“காய்ச்சல்.”

“காய்ச்சல்ல ஒருநாள் படுத்திருப்பாளா அவ! நாங்க அத்தனை பேரும் படுத்தாலும் அவ மீன் கழுவிக்கிட்டு நிப்பா.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “நாந்தானே எழுதச் சொன்னேன். ரெண்டு கொமருப் பொண்ணுங்களை வச்சிருந்தேன். இப்ப அதுங்களுக்குப் புள்ளைங்க ஸ்கூல் போவுது.”

உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகர டப்பாவோடு வந்தார். மடிப்பில் கிழிந்த ஆஸ்பத்திரிச் சீட்டு அதில் இருந்தது. என்னிடம் நீட்டிவிட்டு, நான் பிடித்ததும் விடாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க வூட்டம்மா கையெழுத்துப் போட்டாச்சா?”

“இன்னும் இல்லை” என்றேன்.

“செத்துப்போனவளைச் சாட்சிக்குக் கூப்புடுறீங்க. இருக்குறவங்களை வூட்ல ஒளிச்சு வச்சிருக்கீங்களே முசியே” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு சீட்டை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒரு சொல் குறைக்காமல் கோமதியிடம் சொன்னேன். அவள் சீட்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். “மரியம் பீவி எழுத்துக் கூட்டிப் படிக்கும். இதைப் படிச்சிருக்கும்ல?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, அந்துவான் எழுதிக் கொடுத்திருந்த மனுவை எடுக்கச் சொன்னாள். வசந்தியையும் கூப்பிட்டாள். வசந்தி அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“எனக்கு என்ன வியாதின்னு எழுதியிருக்கோ அதைப் படிங்க.”

“கோமு, அது வந்து...”

“புண்ணுன்னு சொல்லாதீங்க. அந்த மையைப் பூசிக்கிட்டு அஞ்சு வாரம் பெஞ்சுல உக்காந்திருந்தது நானு. பக்கத்துல இருந்தவங்கல்லாம் ஊமையா?”

படித்தேன். உணவுக்குழாய்ப் புற்றுநோய். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. கோமதி நிதானமாக, கோ, ம, தி என்று மூன்று எழுத்தையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்திட்டாள். நான் அதை இரண்டு முறை சரிபார்த்தேன்.

கும்பகோணத்து வரன் போயிற்று. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த வாரம் முழுக்க நான் வசந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் கோமதி கையெழுத்துப் போட்ட செய்தி பரவியதும், காப்பி கொடுத்து அனுப்பிய ஆறு வீட்டில் மூன்று வீட்டார் தாங்களே சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வழக்கு ஏற்கப்பட்டது. தண்ணீரைச் சோதித்தார்கள். கம்பெனியின் கழிவுக்குழாயை வாய்க்காலிலிருந்து எடுக்கச்சொல்லி உத்தரவு வந்தது. தெருவுக்குக் குடிநீர்க்குழாயும் வந்தது. நோய்க்கும் தண்ணீருக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று நஷ்டஈட்டை மறுத்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று நானும் அடித்துச் சொல்லமாட்டேன். சொல்ல முடியாதபடி நானே அல்லவா செய்துவைத்திருந்தேன்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நோயின் பெயரைச் சீட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். இலவச சட்ட உதவி இருக்கிறதா என்று விசாரியுங்கள். நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள். அநேகமாக அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கோமதி பிறகு இரண்டு வருஷம் ஏழு மாதம் இருந்தாள். நல்ல மாதங்கள் அதிலே இருபது இருக்கும். வசந்திக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. பந்தியில் கோமதி பாயசம் மட்டும் குடித்தாள். சம்பந்தியம்மாள் கேட்டதற்கு, நோயின் பெயரைச் சொல்லி, “இது மட்டுந்தான் எறங்கும். இன்னொரு டம்ளர் கொடுக்கச் சொல்லுங்க” என்றாள்.

நோய் திரும்பியபோது மறுபடி கதிர் வைக்க முடியாது என்றார்கள். கடைசி வாரங்களில் பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பேன். குழாய்த் தண்ணீர். வளையம் இல்லாத தண்ணீர்.

அவள் போன ஐந்தாம் நாள், நான் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வெளியே நின்றேன். எனக்குப் பின் வந்த எழுத்தர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“நீங்க ஏன் சார் வந்தீங்க, சொல்லிவிட்டிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனே.” பெயர், வயது, தெரு எல்லாம் எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் தலையை நிமிர்த்தாமல், குரலைத் தாழ்த்தி, “வயோதிகம்னு போட்டுடட்டுமா சார்?” என்றார்.

நான் சொல்லிக்கொடுத்த மரியாதை அது. எனக்கு அவர்மேல் அன்பு பொங்கியது.

“வேண்டாம் தம்பி. நான் சொல்றேன், எழுதுங்க” என்றேன். அவர் எழுதி முடித்து ஏட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சரிபார்த்தேன். அந்தப் பக்கத்தில் இருபது வரி. அவளுடையது ஒன்பதாவது.

இப்போதெல்லாம் தனியாகச் சாப்பிடுகிறேன். முன்பு பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவேன். இப்போது நாற்பது ஆகிறது. அவளுக்கு அவ்வளவு ஆகும். என் தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு பிடியும் இறங்குவது நெஞ்சுக்குழிக்கு நாலு விரல் மேலே எனக்குத் தெரிகிறது. அங்கே கையை வைத்துக்கொண்டு, இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த பிடியை எடுக்கிறேன்.