காக்ஸ் டவுன் வாசகசாலையின் கோணல் வழி

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் வண்டி காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டது. தொண்ணூறு கிலோமீட்டர், டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தும் எனக்கு வெளியே பார்க்க மனமில்லை. பத்தொன்பது வருஷமாக என்னோடு பேசாத ஒருவருடைய பாராட்டு விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அழைப்பிதழ் அனுப்பியது விழாக் கமிட்டி. அவர் கூப்பிடவில்லை.

அவர் தேவசகாயம் சார், கட்டடக் கலைஞர். அவரிடம் ஏழு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். அவர் சொல்வார், நான் வரைவேன். காக்ஸ் டவுனில் ஒரு வாசகசாலை கட்டும் வேலை வந்தது. காலி மனையின் குறுக்கே, பின்னால் இருக்கும் சந்தைக்குப் போகிறவர்கள் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. சார் அதன்மேல் சுண்ணாம்புப் பொடி தூவச் சொல்லிவிட்டு, "முதல்ல இதை வரை, ராமலிங்கம். கட்டடம் இதுக்கு ரெண்டு பக்கமும் நிக்கட்டும்" என்றார்.

பணம் போட்ட கட்டடக் கமிட்டிக்கு இது பிடிக்கவில்லை. வழியின் இரண்டு முனையிலும் கதவு போட்டால்தான் கையெழுத்து என்றார்கள். சார் ஊரில் இல்லாத ஒரு நாள், வேலை கைநழுவிப் போகிறதே என்ற கவலையில், நானே கதவுகளோடு ஒரு பிளான் வரைந்து அவர் மேஜையில் வைத்தேன். திரும்பி வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இனிமே நீ எனக்கு வேண்டாம்" என்றார். ரோஷம் எனக்கும் உண்டு. அன்றைக்கே ஊருக்கு வந்துவிட்டேன். வாசகசாலை எழும்பியதைக்கூடப் பார்க்கவில்லை.

ஏழரைக்கு ஓசூர். ஒரு டீ குடித்தேன். சந்தாபுராவைத் தாண்டி பொம்மசந்திராவில் ஷிஃப்ட் முடிந்த கூட்டம் ஏறியது. வழியெல்லாம் புதிது புதிதாகக் கண்ணாடிக் கட்டடங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். பக்கத்தில் வந்து உட்கார்ந்த தொழிலாளி உட்கார்ந்ததும் தூங்கி என் தோளில் சாய்ந்தார். எழுப்ப மனம் வரவில்லை.

எட்டே முக்காலுக்கு மடிவாளாவில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். பேரம் பேசி ஐம்பது ரூபாய்.

"காக்ஸ் டவுன்ல எல்லி சார்?" என்று கன்னடம் கலந்து இடம் கேட்டார் ஓட்டுநர். வாசகசாலை என்றேன்.

"அந்தச் சந்து லைப்ரரியா? அதைச் சொல்லுங்க. நம்ம வூட்ல அதுக்குள்ள பூந்துதான் மார்க்கெட்டுக்குப் போவாங்க."

"கதவு சாத்தியிருக்காதா?"

"அதுக்கு ஏது சார் கதவு?"

அவரைத் திரும்பவும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பாதி பயம் போனது. சார் முகத்தில் விழிக்க வேண்டிய மீதி அப்படியே இருந்தது.

ஒன்பதரைக்கு வாசகசாலை. எட்டடி அகல வழி, அன்றைய ஒற்றையடிப் பாதையைப் போலவே நடுவில் லேசாக வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் கல் பெஞ்சு. ஒரு பெஞ்சில் கீரைக்கட்டுகளைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! ஆனால் சந்தைப் பக்கம் வழியை முழுக்க அடைத்து விழா மேடை போட்டிருந்தார்கள்.

காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண்மணி மேடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். "இது வழிங்க. இப்படி அடைச்சா நாங்க எப்படிப் போறது?"

"இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா, சுத்திப் போங்க" என்றார் விழாக் கமிட்டிச் செயலாளர். இளைஞர், வங்கி வேலை. சாரை மனதாரக் கொண்டாடுகிறவர்தான். நிழலும் காற்றும் இங்கேதான் என்று மேடையை இங்கே போட்டுவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார் இந்தப் பக்கமாத்தான் வருவாரு. மேடையை நகர்த்திடுங்க" என்றேன்.

"இல்ல சார், கார் அனுப்பியிருக்கோம். முன்வாசல்ல மாலையோட நிக்கிறாங்க."

"காரை மார்க்கெட் முனையிலயே நிறுத்தச் சொல்லி இறங்கிடுவாரு. எந்தக் கட்டடத்துக்கும் அவரு முதல்ல பின்பக்கமாத்தான் நடந்து போவாரு. தன் வழி அடைச்சிருக்கிறதைப் பார்த்தா, மாலையை வாங்காமயே திரும்பிடுவாரு."

"நீங்க யாரு சார்?"

என்ன சொல்வது? "அவருகிட்ட வேலை செஞ்சவன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பந்தல்காரர்களைக் கூப்பிட்டார். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகை தூக்கினேன். அரை மணியில் மேடை முன்பக்க முற்றத்துக்குப் போனது.

பதினொன்றுக்கு, சந்தைப் பக்கமாக, சார் கைத்தடி ஊன்றி நடந்து வந்தார். வெகுவாக இளைத்திருந்தார். சுவரைத் தடவிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். அவருக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்றும் தெரியக் கூடாதே என்றும் ஒரே சமயத்தில் நினைத்தேன்.

"ராமலிங்கம்தானே? உட்காரு" என்று பெஞ்சில் அமர்ந்தார். "கதவு போட்டு ஒரு பிளான் வரைஞ்சியே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா சார்? தப்புதான்."

"அதைக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே தொடர்ந்தார். "கதவு ஆசாரிகிட்ட இருக்குன்னு கமிட்டிக்கு மூணு வருஷம் சொல்லிகிட்டே இருந்தேன். அதுக்குள்ள அவங்களும் இதுல நடந்து பழகிட்டாங்க. உன்னைத் துரத்திட்டு, உன் பிளானை எடுத்துகிட்டுப் போனவன் நான். எந்த மூஞ்சியோட உனக்கு லெட்டர் போடுறது?"

நான் அழுதுவிட்டேன். அறுபதை நெருங்கும் ஆள், பொது வழியில் உட்கார்ந்து. கீரைக்காரர் பேப்பரை மடித்துவிட்டு எங்களையே பார்த்தார்.

விழா நன்றாக நடந்தது. நகரத்துக்கு அவர் கட்டிக் கொடுத்த பள்ளிகளையும் பூங்காக்களையும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பேச்சுகளுக்கு நடுவே சந்தைக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சார் பெரும்பாலும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு, சொல்லச் சொல்லக் கேட்காமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார். "ஊர்ல என்ன வரையுறே?"

"வீடுதான் சார். மனை வாங்கினதுமே காம்பவுண்டு போடுங்கன்றாங்க. அப்புறம்தான் வீடே."

"வரைஞ்சு கொடு. கட்டும்போது மறந்துடு" என்று சிரித்தார்.

எங்கள் ஊரில் அது நடக்காது. வீட்டுக்காரர்களே அளவு டேப்போடு வந்து நிற்பார்கள். அதைச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி, படியில் நின்றபடி கும்பிட்டேன்.

"அடுத்த மாசம் வீட்டுக்கு வா. கமிட்டி இல்ல, நான் கூப்பிடுறேன்."