திரிகால மணிக்கு இறங்கிய ஐயா

இதை எழுதலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். எழுதினால் என் பிழையையும் எழுதவேண்டும். நினைத்தவுடன் கண்முன் வருவது, இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தைக் கிழித்து எடுத்த ஒரு துண்டு. அந்தத் துண்டால் என் ஐயாவை ஆஸ்பத்திரிக் கட்டிலோடு கட்டச் சொன்னவன் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஐயா எங்கள் ஊர் கரம்பொன்னில் காலமெல்லாம், வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கீழ் கடலுக்குப் போனவர். முதுமையில் நினைவு முழுதும் மங்கி, பெற்ற மகன் என்னையே "தம்பி, நீர் ஆரின்ர மகன்?" என்று கேட்பார். சளிக் காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, நான் பக்கத்தில் இருக்கவே மூன்று தரம் கட்டிலால் இறங்கி விழுந்தார். "இன்னொருக்கா விழுந்தா இடுப்பு முறிஞ்சிடும். பிறகு எழும்பமாட்டார்" என்றார் டொக்டர். அந்தப் பயத்தில்தான் கட்டச் சொன்னேன். ஐயா குழந்தைபோல் அழுதார். நான் தலைமாட்டில் இருந்து, இவர் விழக்கூடாது மாதாவே என்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாட்டில் நோயாளரைப் பராமரித்த சைவப் பெண்மணி ஒருவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர்தான் ஒருநாள் கேட்டார்.

"தம்பி, ஐயா எப்ப விழுறவர் எண்டு பாத்தனீரோ?"

"கண்மூடித் திறக்க முன்னம் விழுந்திடுவார், அக்கா."

"அதைத்தான் சொல்லுறன். உங்கட கோயில் மணி கேக்க நீர் செபிக்கக் கண்ணை மூடுவீர். ஐயா இறங்குவார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலை, மத்தியானம், மாலை, திரிகால மணி கேட்டால் எங்கிருந்தாலும் முழந்தாளில் நிற்பவர் ஐயா. வீட்டில் படுப்பது பாயில். ஆஸ்பத்திரிக் கட்டில் உயரம் என்பது அவர் புத்தியில் ஏறவில்லை. செபிக்க இறங்கிய மனுஷனைத்தான், விழவேண்டாம் என்று செபித்துக் கட்டிவைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியான மணிக்குச் சற்று முன் அக்கா கட்டை அவிழ்த்தார்.

"வேண்டாம் அக்கா, விழுந்தா அவ்வளவுதான்."

"நான் பிடிக்கிறன். நீர் கண்ணைத் திறந்துகொண்டு நில்லும், அது போதும்."

நிலத்தில் போர்வையை மடித்துப் போட்டு, ஐயாவின் கால்களைத் தரையில் ஊன்றவைத்தார்.

"ஆரடி பிள்ளை நீ?"

"உங்கட சம்மாட்டி. வள்ளம் கரைக்கு வந்திட்டுது, இறங்குங்கோ."

"பொம்பிளைச் சம்மாட்டியோ!" ஐயா சிரித்தபடி இறங்கினார்.

மணி கேட்டது. அக்காவும் கூடவே முழந்தாளிட்டு, அவர் கைக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தார். என் பெயர் தெரியாத ஐயா, செபத்தில் ஒரு சொல் தவறாமல் முடித்தார். பக்கத்தில் விபூதி பூசிய நெற்றி குனிந்திருந்தது. நான் சிலுவை போடவும் மறந்து நின்றேன். அப்படி ஒரு சந்நிதியில் அதற்கு முன்னும் பின்னும் நான் நின்றதில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு திரிகால மணிக்கும் ஐயாவை இறக்கினார்கள். அக்காவுக்கு லீவு என்றால் மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போவார். ஐயா பிறகு விழவே இல்லை. அடுத்த வருடம், எலும்பொன்றும் முறியாமல், வீட்டுப் பாயில் கண்மூடினார்.

வயதானவர்களைப் பார்க்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். ஐயாவுக்கு நினைவு திரும்பியது என்று சேர்க்கவேண்டாம். கடைசிவரை என்னை அவர் அறியவில்லை. அக்கா எங்கள் வேதத்துக்கு மாறினார் என்றும் சேர்க்கவேண்டாம். அத்தனை நாள் முழந்தாளில் நின்றும், அந்தச் செபத்தில் ஒரு வரிகூட அவருக்குப் பாடமாகவில்லை.